ரோட்டரி காருக்கு எந்தப் பெட்ரோல்? ஆக்டேன் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறை

மதுரையில் ஆர்எக்ஸ் என்று சொன்னால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்தான். 1996-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டிக்கு இன்றைக்கும் ஒர்க்‌ஷாப்களில் தனி மரியாதை உண்டு. மாஸ்டா என்றாலோ பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் கண்முன் வந்து நிற்கும். பிஸ்டனே இல்லாத ரோட்டரி என்ஜினைப் பொருத்தி ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 என்ற கார்களைச் செய்ததும் அதே ஜப்பானிய மாஸ்டாதான் என்பது நம் பக்கத்தில் பரவலாகத் தெரியாது. அந்தக் கார்கள் இந்தியக் கடைகளுக்கு விற்பனைக்கு வந்ததே இல்லை. வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியவர்கள் ஆசையாகக் கொண்டுவந்த ஒன்றிரண்டு வண்டிகளும், மலேசியாவிலோ வளைகுடாவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு பழைய ரோட்டரி காரை வாங்கிவிட்டு "இதற்கு எந்தப் பெட்ரோல் போடுவது?" என்று இங்கே போன் போடும் உறவினர்களும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நான் மாலை வேளைகளில் போய் உட்காரும் பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குச் சிறிது காலத்துக்கு முன்பு அப்படி ஒரு கார் வந்தது. மலேசியாவில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவருடைய முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அது. கார்புரேட்டர் வைத்த 12ஏ என்ஜின். வெளிநாட்டு வண்டி என்பதாலேயே விலை உயர்ந்த பெட்ரோல்தான் போட வேண்டும் என்று அவர் நம்பியிருந்தார். வழக்கமாகப் போகும் பங்கில் இருந்த பையனும் "பவர் பெட்ரோலே ஊத்துங்கய்யா, என்ஜின் உள்ள க்ளீன் ஆயிரும்" என்று அந்த நம்பிக்கையை வளர்த்திருந்தான். இரண்டு ஆண்டுகள் அப்படி ஊற்றிய பிறகும் வண்டி திக்கித் திக்கித்தான் ஓடியது. வெயில் நேரத்தில் அளவுக்கு மீறிச் சூடானது. இன்னும் உயர்ந்த ஆக்டேன் தேவையோ என்று கேட்கத்தான் அவர் வந்தார். அந்த வண்டிக்கு ஆக்டேன் குறையே இல்லை என்பது கடைசியில் தெரிந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்வோம்.

ஆக்டேன் எண் எதை அளக்கிறது

ஆக்டேன் எண் பெட்ரோலின் வலுவை அளப்பதில்லை. அழுத்தமும் வெப்பமும் கூடும்போது, பிளக் தீப்பொறி தருவதற்கு முன்போ, தீ வந்து சேருவதற்கு முன்போ தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு பொறுத்திருக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. காய்ந்த பன்னாடை அருகில் நெருப்பைக் கொண்டுபோனாலே பற்றிக்கொள்ளும்; வைரம் பாய்ந்த கட்டை அப்படிச் சட்டென்று பற்றாது. ஆக்டேன் கூடிய பெட்ரோலைக் கட்டையைப் போலவும் குறைந்ததைப் பன்னாடையைப் போலவும் நினைத்துக்கொள்ளலாம். அளக்கும் முறையும் எளிமையானதுதான். கம்ப்ரஷனை, அதாவது பெட்ரோல்-காற்றுக் கலவையை நெருக்கும் அளவை, ஏற்றி இறக்கத்தக்க ஒற்றை சிலிண்டர் சோதனை என்ஜினில் அந்தப் பெட்ரோலை எரித்து, ஐசோ ஆக்டேன், ஹெப்டேன் என்ற இரண்டு திரவங்களின் கலவையோடு ஒப்பிடுகிறார்கள். 95 ஆக்டேன் என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எந்த அளவுக்குத் தட்டலைத் தாங்குமோ அந்த அளவுக்கு அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள்.

தட்டல் என்று நான் சொல்வதை நம் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். பிளக் பற்றவைத்த தீ அறையின் ஒரு முனையிலிருந்து சீராகப் பரவிக்கொண்டிருக்கும்போதே, மறுமுனையில் நெருக்குண்டு கிடக்கும் மீதிக் கலவை தானாக வெடித்துவிடுவதுதான் அது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினாற்போலச் சத்தம் வரும். ஒரு என்ஜின் தட்டாமல் ஓட 91 போதும் என்றால், அதில் 100 ஊற்றுவதால் பிக்கப்பும் கூடாது, மைலேஜும் கூடாது. அதே வேளையில், 98 கேட்கும் என்ஜினில் 91 ஊற்றினால் ஒன்று என்ஜினின் கணினி, பிளக் பற்றவைக்கும் நேரமான டைமிங்கைப் பின்தள்ளிச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஏதாவது ஒன்று உடையும்.

ரோட்டரி என்ஜினின் இரட்டைக் குணம்

ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய கருத்திலிருந்து பிறந்தது இந்த என்ஜின். என்எஸ்யு நிறுவனம் 1964-இல் இதை முதலில் காரில் வைத்து விற்றது. 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் காரை வெளியிட்ட மாஸ்டா, மற்றவர்கள் கைவிட்ட பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டு, 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை நான்கு ரோட்டர் வைத்த 787பி காரால் வென்றது. இடுப்பு ஒடுங்கிய ஓர் அறைக்குள், பக்கங்கள் புடைத்த சமோசாவைப் போன்ற முக்கோண ரோட்டர் ஒன்று உருண்டு சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டைகள் அறையின் சுவரை உரசிக்கொண்டே போகும். பிஸ்டனுக்கு ரிங் செய்யும் வேலையை ரோட்டருக்கு இவை செய்கின்றன.

எரியும் அறை இங்கே உருண்டையாக ஓரிடத்தில் நிற்பதில்லை. நீண்டு தட்டையாகி, ரோட்டரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. கொள்ளளவைவிடச் சுவரின் பரப்பு மிகுதி என்பதால் வெப்பம் சுவர்களுக்குள் எளிதில் போய்விடுகிறது. எரிதலும் மந்தமாக நீள்கிறது. தீ முழு நீளத்துக்கும் பரவட்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு பிளக் வைத்திருக்கிறார்கள். மைலேஜைப் பொறுத்தவரை இவையெல்லாம் குறைகளே. ஆனால் தட்டலைப் பொறுத்தவரை ஓரளவுக்கு இவை வரமாக அமைகின்றன. சுவரோரம் குளிர்ந்து கிடக்கும் கலவை அத்தனை சீக்கிரம் தானாகப் பற்றாது. ஆகையால் டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, இல்லாத ரோட்டரி என்ஜின், அதே கம்ப்ரஷன் உடைய பல பிஸ்டன் என்ஜின்களைவிடக் குறைந்த ஆக்டேனிலும் முகம் சுளிக்காமல் ஓடும். 9.4-க்கு 1 என்ற கம்ப்ரஷன் கொண்ட முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7-க்கு அமெரிக்காவில் சாதாரண ஈயமில்லாப் பெட்ரோலைத்தான் நிறுவனமே சொல்லியிருந்தது.

இதன் மறுபக்கத்தை மறந்தவர்கள்தான் என்ஜினை இழக்கிறார்கள். பிஸ்டன் என்ஜின் சற்றுத் தட்டினாலும் பல நாள் தாக்குப்பிடிக்கும். நாம் சத்தத்தைக் கேட்டு, ஒர்க்‌ஷாப்புக்குப் போய், சரிசெய்துகொள்ள அவகாசம் கொடுக்கும். ரோட்டரியில் அந்த அதிர்ச்சி நேரே ஏபெக்ஸ் சீலின் தலையில் விழுகிறது. எளிதில் ஒடியக்கூடிய வார்ப்புப் பட்டை அது. டர்போ வைத்த ரோட்டரியில் முழு அழுத்தத்தில் ஒரு சில கணம் கடுமையாகத் தட்டினாலே சீல் சில்லுப் பெயர்ந்துவிடலாம். பெயர்ந்த சில்லு சுழலும்போது அறையின் சுவரையும் கீறி, வெளியே போகும் வழியில் டர்போவின் இறக்கையையும் பதம் பார்த்துவிட்டுத்தான் போகும். எக்ஸாஸ்ட் இரைச்சலில் தட்டல் காதில் விழுவதும் அரிது. எனவே "சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நம் வழக்கமான அணுகுமுறை டர்போ ரோட்டரிக்கு ஆகாது.

எந்த வண்டிக்கு எது

முதல் வேலையாக, பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் வண்டியோடு வந்த கையேட்டையும் பாருங்கள். அங்கே எழுதியிருக்கும் எண் எந்த நாட்டு முறையில் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தியா, ஜப்பான், ஐரோப்பா, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எல்லாம் ரிசர்ச் ஆக்டேன் எனப்படும் எண்ணைக் குறிப்பிடுகின்றன. அமெரிக்காவும் கனடாவும் அந்த எண்ணையும், இன்னும் கடுமையான சூட்டில் அளக்கும் மோட்டார் ஆக்டேன் எண்ணையும் கூட்டிப் பாதியாக்கிப் பம்பில் எழுதுகின்றன. அங்கே 87 என்று இருப்பது நம் கணக்கில் ஏறத்தாழ 91. அங்கே 91 என்பது நமக்கு 95 அல்லது 96. 93 என்பது 98-ஐ ஒட்டி வரும். டொராண்டோவில் இருக்கும் தம்பி "91 போடுகிறேன்" என்று சொன்னதைக் கேட்டு மதுரையில் இருக்கும் அண்ணன் தன் வண்டிக்கும் 91 போதும் என்று முடிவு செய்தால், இருவரும் வேறு வேறு பெட்ரோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

டர்போ இல்லாத பழைய ஆர்எக்ஸ்-7 என்றால் நம் கணக்கில் 91 போதும். அதற்கு மேல் செலவழிப்பது அவரவர் விருப்பம்.

ஆர்எக்ஸ்-8 சற்று வேறு. 2003 முதல் 2012 வரை வந்த அந்தக் காரின் ரெனிசிஸ் என்ஜினில் டர்போ கிடையாது என்றாலும் கம்ப்ரஷன் 10-க்கு 1. அமெரிக்கக் கையேடு பிரீமியம் பெட்ரோலைப் பரிந்துரைத்துவிட்டு, சாதாவும் போடலாம், சக்தி சற்றுக் குறையும் என்கிறது. தட்டலை உணரும் சென்சார் அதில் இருப்பதால்தான் இந்தத் தாராளம். என் கருத்தில் 95-ஐ இதற்கு நிலையான அளவாக வைத்துக்கொள்வதுதான் சரி. ஊர் விட்டு ஊர் போகும்போது கிடைக்காமல் ஒரு டேங்க் 91 ஊற்ற நேர்ந்தால் மிதித்து ஓட்டாமல் கடந்துவிடலாம். டைமிங்கைப் பின்தள்ளி ஓடும் ரோட்டரியின் எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். ஏற்கெனவே சூட்டில் வெந்துகொண்டிருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் ஆயுள் அதனால் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். துபாய், ஷார்ஜா பக்கம் இருப்பவர்கள் இ-பிளஸ் என்ற 91-ஐ விட்டுவிட்டு ஸ்பெஷல் 95-ஐ எடுக்கலாம். சூப்பர் 98 இந்தக் காருக்கு ஆடம்பரம். இலங்கையில் 92, 95 என இரண்டு இருக்கின்றன, 95 எடுங்கள்.

டர்போ வைத்த ஆர்எக்ஸ்-7, அதிலும் அடுத்தடுத்து இயங்கும் இரட்டை டர்போ கொண்ட மூன்றாம் தலைமுறை வண்டி என்றால் பேரம் கிடையாது. கையேட்டில் உள்ள பிரீமியம் அளவுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். அந்த ஊரில் கிடைக்கும் மிக உயர்ந்த ஆக்டேனையே ஊற்றுங்கள். ஜப்பானிலேயே விற்கப்பட்ட வண்டி நேரே இறக்குமதியாகி வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே ஹை-ஆக்டேன் என்று விற்பது 100-ஐ ஒட்டியது. என்ஜினின் டைமிங்கை அதற்கேற்பத்தான் வைத்திருப்பார்கள். 97-ம் 98-ம் மட்டும் கிடைக்கும் நாட்டில் அந்த வண்டியை ஓட்டுவதானால், விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து டைமிங்கையும் டர்போ அழுத்தத்தையும் அந்தப் பெட்ரோலுக்கு ஏற்ப இறக்கிக்கொள்வதுதான் முறை. முன்னால் வைத்திருந்தவர் டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் கையேட்டின் எண்ணுக்கே பொருள் இல்லை. அழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்த்த பிறகுதான் பெட்ரோலைப் பற்றிப் பேச முடியும்.

மதுரை வெயிலும் கொடைக்கானல் ஏற்றமும்

ஒரே என்ஜின் எல்லா நேரமும் ஒரே ஆக்டேனைக் கேட்பதில்லை. உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் தட்டல் சீக்கிரம் வரும். அக்னி நட்சத்திரத்தின்போது மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. கோரிப்பாளையம் சிக்னலில் நின்று நின்று போகும் வண்டியின் பானெட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். 91-இல் தயங்காமல் ஓடும் வண்டி மார்கழியில் காட்டாத முகத்தைச் சித்திரையில் காட்டலாம்.

மலை ஏறும்போது இரண்டு விஷயங்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல்தான். டர்போ இல்லாத என்ஜின் அந்த உயரத்தில் குறைந்த காற்றைத்தான் இழுக்கும் என்பதால் அதன் ஆக்டேன் தேவையும் குறையும். அதனால் மலைக்குப் போகிறோமே என்று பவர் பெட்ரோல் ஊற்றிச் செல்வதில் பயன் இல்லை என்று தோன்றலாம். ஆனால் வத்தலக்குண்டைக் கடந்து காட்ரோட்டில் திரும்பி ஏறத் தொடங்கும் முதல் வளைவுகளில் உயரத்தின் உதவி இன்னும் கிடைத்திருக்காது. கீழ்நாட்டு வெயில் அப்படியே இருக்கும். வேகம் குறைந்துவிடுவதால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும். சுமையோ முழுமையாக இருக்கும். தட்டல் வருவதானால் இங்கேதான் வரும். ரோட்டரி என்ஜின் சுற்றிச் சுற்றி ஓடப் பிறந்தது. தாழ்ந்த வேகத்தில் நான்காம் கியரில் முக்கி இழுக்க விடாமல் மூன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கி, என்ஜினைச் சுழலவிட்டு ஏற்றுங்கள். இது பெட்ரோலில் இரண்டு எண் கூட்டியதற்குச் சமமான நன்மையைத் தரும் என்பது என் அனுபவம். டர்போ வண்டிக்கு மேலே போனாலும் நிம்மதி இல்லை. காற்றின் குறைவை ஈடுகட்ட டர்போ இன்னும் கடுமையாக உழைத்து, காற்றை மேலும் சூடாக்கித்தான் உள்ளே தள்ளும்.

நம் பங்குகளில் கிடைப்பது எது

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது சாதா பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் 91 ஆக இருந்தது. அதற்கு மேல் 95 என்ற பெயரில் பிரீமியம் வகைகள் விற்கப்பட்டன. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில பெருநகரங்களில் அறிமுகப்படுத்தியது. அறிமுகமானபோது அதன் விலை சாதாவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எல்லாப் பங்கிலும் கிடைக்காது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 நாடெங்கும் வந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 108-ஐத் தாண்டும் என்பதால், இ20 பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று மத்திய அரசு 2025-இல் விளக்கம் தந்தது. ஆக்டேனை மட்டும் பார்த்தால் டர்போ இல்லாத எந்த ரோட்டரிக்கும் இன்றைய சாதா பெட்ரோலே போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

பழைய ரோட்டரிக்குச் சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். இரண்டும் கலந்த இ20-க்கு ஏறத்தாழ 13.5. ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இதை உணர்ந்து கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். விளைவாகக் கலவை காற்று மிகுந்து மெலிந்துபோகும். வண்டி திக்கும், சூடாகும். மெலிந்த கலவையில் தட்டல் வரும் வாய்ப்பும் கூடும். அப்போது அதற்கு மருந்தாக இன்னும் உயர்ந்த ஆக்டேன் தேடிப்போவது, பல்வலிக்குத் தைலம் தேய்த்த கதைதான்.

பெரியவரின் வண்டியில் நடந்தது இதுவே. பங்க் பையன் சொன்ன பவர் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று, பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் 100 மில்லி கண்ணாடி அளவுஜாடி ஒன்றை எடுத்து, 20-ஆம் கோடு வரை தண்ணீர் விட்டு, 100-ஆம் கோடு வரை பெட்ரோலை நிரப்பினோம். வாயை மூடி நன்றாகக் குலுக்கி, மேசைமேல் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். எத்தனால் இல்லாத பெட்ரோல் என்றால் அடியில் தண்ணீர் 20-ஆம் கோட்டிலேயே நின்றிருக்கும். எங்கள் ஜாடியில் பிரிகோடு 36-ஐ ஒட்டி நின்றது. ஊற்றிய 80 மில்லியில் 16 மில்லி எத்தனாலாக இருந்து தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. உயர்ந்த விலை கொடுத்து வாங்கியதிலும் எத்தனால் அதே அளவுதான். ஜாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. இந்தச் சோதனையைத் திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

வண்டியை அதிகம் எடுக்காமல் வீட்டில் நிறுத்தி வைப்பவர்களுக்கு இன்னொன்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் போதுமான தண்ணீர் சேர்ந்துவிட்டால், அந்த அளவுஜாடியில் நடந்தது டேங்குக்குள்ளேயே நடக்கும். எத்தனாலும் தண்ணீரும் அடியில் இறங்கி முதலில் குழாய்க்குள் போகும். மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனால் தந்த ஆக்டேனை இழந்து நிற்கும். டர்போ ரோட்டரியை இந்த நிலையில் எடுத்து மிதிப்பது சீலைக் கையால் ஒடிப்பதற்குச் சமம்.

கலப்பது, கூட்டுவது, போடக்கூடாதது

இரண்டு வகைப் பெட்ரோலைக் கலந்தால் ஆக்டேன் ஏறத்தாழ விகிதப்படியே அமையும். 91-இல் 20 லிட்டரும் 100-இல் 16 லிட்டரும் சேர்த்தால் 95 கிடைக்கும். வெளிநாட்டில் ஒரு பங்கில் 91-ம் 98-ம் மட்டும் இருந்தால் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக்டேன் பூஸ்டர் என்று கடையில் விற்கும் குப்பிகளின்மேல் "3 பாயிண்ட் உயரும்" என்று எழுதியிருந்தால், பல சமயம் ஒரு பாயிண்ட் என்பது 0.1, அதாவது 91 என்பது 91.3 ஆகும். அந்தக் காசை உயர்ந்த பெட்ரோலுக்கே கொடுத்துவிடலாம். மாங்கனீசு கலந்த பூஸ்டர்கள் பிளக்கின்மேல் செந்நிறப் படிவை விட்டுவைக்கும். அந்துருண்டையைப் பெட்ரோல் டேங்கில் போட்டால் பிக்கப் கூடும் என்ற பழைய நம்பிக்கை நம் பக்கத்தில் இன்னும் ஒழியவில்லை. நாப்தலீனுக்குத் தட்டலைத் தடுக்கும் குணம் இருப்பது உண்மைதான். ஆனால் அது மறுபடி உறைந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை அடைக்கும் என்பதும் உண்மை. போடாதீர்கள்.

ரோட்டரி என்ஜின் ஏபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் காட்டுவதற்காக என்ஜின் ஆயிலையே சிறிது சிறிதாக எரியும் அறைக்குள் விடும் பம்ப்போடு வருகிறது. அதற்கு மேலும் பாதுகாப்பாகச் சிலர் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கான டூ-டி ஆயிலைப் பெட்ரோலில் கலப்பார்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இந்தக் கை பழகியதுதான். ஆனால் அந்த ஸ்கூட்டருக்கு ஊற்றிய விகிதத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. லிட்டருக்கு 5 மில்லி அளவே மிகுதி. ஆயில் ஆக்டேனைக் குறைக்கும் என்பதால் தாராளமாக ஊற்றினால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியது போலாகும்.

மண்ணெண்ணெய் கலப்படம் ஆக்டேனை அடியோடு இறக்கிவிடும். சந்தேகம் வந்தால் பங்கிலேயே பில்டர் பேப்பர் கேட்டு வாங்கி, பம்பின் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். சில நிமிடங்களில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை; தயங்க வேண்டாம்.

சோதித்து முடிவு செய்வது

டர்போ இல்லாத வண்டிக்கு மட்டும் இந்தச் சோதனை. டேங்கில் கால்வாசிக்கும் கீழே பெட்ரோல் இறங்கிய பிறகு சாதாவை நிரப்பி, இரண்டு டேங்க் ஓட்டுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதியைத் தாண்டி வண்டிப் போக்குவரத்து குறைந்த இடத்தில், மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்தி, சாலை அனுமதிக்கும் வேகம் வரை ஏற்றிப் பாருங்கள். புளியங்கொட்டைச் சத்தமோ தயக்கமோ இல்லையென்றால் அந்த என்ஜினுக்கு அதுவே போதும். தயக்கம் இருந்தால் பிறகு 95-க்கு மாறி அதே சாலையில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் மட்டும் கூடுதல் காசு கொடுங்கள்; இரண்டிலும் ஒரே தயக்கம் என்றால் கோளாறு பெட்ரோலில் இல்லை.

அப்போது டிரெய்லிங் பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் வராமல் தடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். ரோட்டருக்கு மூன்று முகம் என்பதால் புஸ், புஸ், புஸ் என்று மூன்றும் ஒரே வலுவோடு வர வேண்டும். ஒன்று வலுவாகவும் இரண்டு சோர்ந்தும் வந்தால் ஒரு முனையின் ஏபெக்ஸ் சீல் போய்விட்டது என்று பொருள். ஒரு முனை இரண்டு முகங்களுக்குப் பொது அல்லவா. அந்த என்ஜினுக்கு எந்த ஆக்டேனும் உதவாது.

பெரியவரின் வண்டியில் மூன்றும் ஒரே சீராக வந்தன. கார்புரேட்டரின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, எத்தனாலில் ஊறி உப்பிப்போயிருந்த பழைய ரப்பர் ஓஸ்களை அதைத் தாங்கும் வகையாக மாற்றி, டைமிங்கைக் கையேட்டின்படி வைத்துக் கொடுத்தார் மெக்கானிக். "ஐயா, இனிமே சாதாவே போடுங்க. மழைக்காலத்துல மட்டும் டேங்க்கை ரொப்பி வைங்க" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த சித்திரையில் அதே வண்டி, அதே சாதா பெட்ரோலில், காட்ரோட்டு வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறிக் கொடைக்கானல் போய் வந்தது. வெப்பமானி முள் பாதியைத் தாண்டவில்லை என்று பெரியவர் வந்து சொன்னார்.